பிஸ்கட் டப்பாவில் இருந்த விபூதி

அம்மா போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது மேல் தட்டில், சேலைகளுக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. மூடி துருவேறி இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் திறந்தேன். உள்ளே அப்பாவின் ஜெபமாலை (சிலுவை உதிர்ந்து போனது), ரேஷன் கார்டு ஜெராக்ஸ், செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். விபூதி. எல்லாப் பொட்டலத்திலும் விபூதி. எண்ணினால் ஏழு.

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. கோட்டை மாரியம்மன் கோயில் விபூதி. அம்மாவைப் பெற்ற அம்மாயி கொண்டுவந்து கொடுத்தது.

எங்கள் வீடு வேதக்கார வீடு. அப்பா பக்கம் நாலு தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அம்மா மட்டும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் வாங்கி வந்தவர். ஆடித் திருவிழாவுக்கு சேலமே மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக இருக்கும்போது அம்மாயி எங்கள் வீட்டுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அம்மாவின் கையில் வைப்பார். "வேண்டாம்னு சொல்லாத கண்ணு, ஆத்தா குடுத்தது." அம்மா வேண்டாம் என்று சொன்னதில்லை. நெற்றியில் இட்டுக்கொண்டதும் இல்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும். மூன்று நாளாகச் சுரம். டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. ராத்திரி அப்பா பட்டறையில் இருந்தார். அம்மா என் சட்டையைத் தூக்கி, தொப்புளைச் சுற்றி எதையோ பூசிவிட்டு, வாய்க்குள் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பல் குளிர்ச்சியாக, கொஞ்சம் நறநறவென்று இருந்தது. நெற்றியில் பூசினால் அப்பா பார்ப்பார், வயிற்றில் யார் பார்க்கப் போகிறார்கள். காலையில் சுரம் விட்டிருந்தது. பாண்டிய ராஜாவுக்கே சம்பந்தர் நீறு பூசித்தான் சுரம் இறங்கியது என்று அம்மாயி பிற்பாடு என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, சாகும் வரை.

கிறிஸ்தவத்தையும் இந்த நாட்டு வழிபாடுகளையும் ஒப்பிட்டு, இரண்டையும் கலக்கலாமா கூடாதா என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வயிறுதான்.

பிரியதத்த மந்திரம் என்று எழுதினேனே, இளையவர்களுக்குத் தெரியாது. அருள்நிறை மரியே என்று இப்போது சொல்கிறோமே, அதன் பழைய பெயர். கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்குப் பரலோக மந்திரம் என்று பெயர். திருப்பலி என்ற சொல் எங்கள் வீட்டில் வந்ததே ரொம்பப் பிந்தித்தான். அப்பாவுக்கு அது பூசை. "பூசைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று அவர் சொன்னால் புதிதாக வந்த பட்டறை ஆள் எந்தக் கோயிலுக்கு என்று கேட்பார். கோயில், பூசை, குரு, வேதம், அருள், பிரசாதம். இந்தச் சொற்களையெல்லாம் கத்தோலிக்கர் வாயில் போட்டதில் பெரும் பங்கு ராபர்ட் தெ நொபிலிக்கு உண்டு என்பார்கள். தத்துவ போதகர் என்று இங்கே அவருக்குப் பெயர். இத்தாலிக்கார ஏசு சபைச் சாமியார், 1606இல் மதுரைக்கு வந்து காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, சந்நியாசியாக வாழ்ந்தவர். 1623இல் மதுரையை விட்டு வடக்கே கிளம்பித் திருச்சி, சேந்தமங்கலம் வழியாக நம்ம சேலத்துக்கும் வந்திருக்கிறார். அதே 1623இல்தான் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

சந்தனத்துக்குக் கிடைத்த அனுமதி சாம்பலுக்கு நிலைக்கவில்லை. ரோமிலிருந்து புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்ற தூதர், கிறிஸ்தவர்கள் சாணச் சாம்பலை நெற்றியில் பூசக் கூடாது என்று 1704இல் தடை போட்டார். ஆனால் பாருங்கள், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கும் நாளில் சாமியாரே எங்கள் நெற்றியில் சாம்பல் பூசுகிறார். அந்த நாளுக்குத் தமிழில் என்ன பெயர்? விபூதிப் புதன். இப்போது திருநீற்றுப் புதன் என்று மாற்றியிருக்கிறார்கள், மாற்றியும் என்ன, அதே சாம்பல்தான், அதே சைவச் சொல்தான்.

அம்மா விபூதிப் புதனன்று பூசிய சாம்பலை ராத்திரி படுக்கும்வரை அழிக்க மாட்டார்.

ஒப்பிட வேண்டுமென்றால் அன்பே சிவம், கடவுள் அன்பாயிருக்கிறார் என்று இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று முடிப்பது சுலபம். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் பசி அடங்குவதில்லை. சாம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை சாமியார் சொல்வது, நீ மண், மண்ணுக்குத்தான் திரும்புவாய் என்று. அது எச்சரிக்கை. இனி நாற்பது நாள் ஒழுங்காக இரு. சைவர் பூசுவது எல்லாம் எரிந்த பிறகு மிஞ்சுவதை. மலம், அதாவது ஆணவம் மாதிரி உயிரில் ஒட்டிய அழுக்கு, எரிந்து போனபின் எரிக்க எதுவும் இல்லாத ஒன்று. அது பாதுகாப்பு. சுரம் வந்த பிள்ளைக்கு முன்னதைப் பூச முடியாது, பின்னதைத்தான் பூச முடியும். அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சாந்திவனம் போனேன். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி. சேலத்திலிருந்து நாமக்கல், முசிறி, பாலத்தில் காவிரியைத் தாண்டினால் குளித்தலை. 1950இல் மோன்ஷானென், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுச் சாமியார்கள் ஆரம்பித்த சச்சிதானந்த ஆசிரமம். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்து 1993இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். வாசல் கோபுரத்தில் திரித்துவத்தை மும்முகமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காலை ஜெபத்தில் சந்தனம், மத்தியானம் குங்குமம், சாயங்காலம் விபூதி. சமஸ்கிருதத்தில் நாமஜெபம், உபநிஷத்திலிருந்து வாசிப்பு, பிறகு பைபிளின் சங்கீதம். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து நெற்றியைக் காட்டினேன். கூச்சமாகவும் இருந்தது, ஏதோ திரும்பக் கிடைத்தது போலவும் இருந்தது.

அழிக்காமலேயே பஸ் ஏறி ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த அம்மா என் நெற்றியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை நாக்கில் நனைத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல துடைத்துவிட்டார். "சாமியார்தான் வெச்சாரும்மா, கோயில்ல" என்றேன். "அவருக்கென்ன, அவரு வெள்ளைக்காரர்" என்றார். அந்தச் சாமியார் தமிழர்தான், அது வேறு விஷயம். அம்மா சொன்னது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. விபூதியை விட்டுவிட்டு வர அவர் கொடுத்த விலை ஒன்று இருந்தது. அதைக் கொடுக்காதவர்கள் ஆசையாக எடுத்துப் பூசிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை.

இதையே வேறு மாதிரி என் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் தாத்தா கோயிலுக்குள் விடாத ஊரிலிருந்து வேதத்துக்கு வந்தவர். "எங்க தாத்தா எதை விட்டு ஓடியாந்தாரோ அதையே நீங்க சந்தனமும் சமஸ்கிருதமுமா பீடத்துல கொண்டாந்து வெக்கிறீங்க. எங்க பறையைக் கொண்டாந்து வெச்சீங்களா மொதல்ல?" தலித் இறையியலாளர்கள் பல வருஷமாகக் கேட்கும் கேள்வி இது. 1969இல் ரோம் இந்தியாவுக்குப் பூசையில் அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில் செருப்பைக் கழற்றுவது, தரையில் உட்காருவது, கைகூப்புவது, குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் உண்டு. யாருடைய வீட்டுப் பழக்கம் இந்தியப் பழக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதுதான் அவர் கேட்பது. எதிர்ப்பக்கத்தில், நான் கணக்கு எழுதும் வெள்ளிக் கடையில் கூட இருப்பவர் சிரித்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "உங்காளுங்க எங்க ஓம் மேல சிலுவை வெக்கிறாங்க. நாங்க உங்க சிலுவை மேல சூலம் வெச்சா சும்மா இருப்பீங்களாண்ணா?" சும்மா இருக்க மாட்டோம் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

சரி, இது நெற்றியோடு போகிற விஷயம். மூச்சுக்கு வருகிறேன்.

அப்பா செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். இப்போது எல்லாம் கேஸ். அப்போது விளக்குச் சுடரை வாயால் ஊதுகுழல் வைத்து ஊதித்தான் பற்றவைக்க வேண்டும். கண்ணிகள் சேரும் இடத்தில் வெண்காரமும் பொடியும் வைத்து, சுடரை ஊசி மாதிரி நீட்டி அந்த இடத்தில் மட்டும் பாய்ச்ச வேண்டும். பொடி உருகி ஓடும் நொடியில் நிறுத்தாவிட்டால் கண்ணியே உருகிவிடும். மூச்சு அறுந்தாலும் கெட்டது. அதனால் கன்னத்தில் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு, அதை ஊதிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுப்பார். ஐந்து நிமிஷம் வரைக்கும் சுடர் நடுங்காமல் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கன்னங்கள் தவளை மாதிரி உப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னப்பா நெனச்சுக்குவீங்க ஊதறப்ப?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கண்ணிக்கு ஒரு இயேசுவே" என்றார். வாய் வேலையில் இருக்கும்போது மனசால்தானே சொல்ல முடியும்.

பட்டறையில் சாம்பலையும் கூட்டிய மண்ணையும் கொட்ட மாட்டார்கள். டின்னில் சேர்த்து வைப்பார்கள். சலித்து, உருக்கி வெள்ளி எடுக்கிறவர் வந்து விலை பேசி வாங்கிப் போவார்.

அப்பா செய்ததற்குப் பெயர் இருக்கிறது என்று எனக்கு ஏற்காட்டில் தெரிந்தது. நாற்பது வயதில் மூன்று நாள் மௌனத் தியானத்துக்குப் போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியபோதே காதடைத்து, பாதி மௌனம் வந்துவிட்டது. அது டிசம்பர். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும் பனியில் பாதி தெரிந்து பாதி மறைந்து நின்றன. தியானம் கொடுத்த சாமியார், ஏசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் மூன்றாவது ஜெபமுறை என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல். பரலோக மந்திரத்தை அப்படிச் சொல்ல வேண்டும். அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லிலேயே இருக்க வேண்டும். ஸ்பானியர் ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது. பிராணாயாமம் அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

அப்பா வழியில் நான் பழைய பாடத்தையே எடுத்துக்கொண்டேன். "பரமண்டலங்களிலே." ஒரு மூச்சு முழுக்கச் சரியாக இருக்கிறது. "இருக்கிற." இது குட்டிச் சொல், மூச்சு மிஞ்சும், அந்த மிச்சத்தில் சும்மா இருக்க வேண்டும். "எங்கள்." "பிதாவே." தமிழில் செய்யும்போது ஒரு தொந்தரவும் உண்டு. "அர்ச்சிக்கப்படுவதாக" வரும்போது எனக்கு மூச்சு முட்டும்.

அந்த ருசியில்தான் அடுத்த வருஷம் விபாசனா என்ற பௌத்தத் தியானத்துக்குப் போனேன். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம், பத்து நாள். பர்மாவில் பிறந்த மார்வாடி வியாபாரி கோயங்கா, அங்கே ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் கற்று 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. போன அன்றே போன், பேனாவோடு ஜெபமாலையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்து நாளைக்கு ஜெபம், மந்திரம், மாலை உருட்டுவது எதுவும் கிடையாது. பத்து விரல் இருக்கிறதே, எண்ணிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் நினைத்தேன். விதியின் கருத்து அதுவல்ல என்று இரண்டாம் நாளே புரிந்தது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். மூக்கு நுனியில் மூச்சு உரசும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். மூச்சோடு எந்தச் சொல்லையும் சேர்க்காதே, எந்த உருவத்தையும் சேர்க்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

என் கஷ்டம் அங்கேதான். மூச்சு வந்தாலே எனக்கு "பரமண்டலங்களிலே" வந்துவிடும். நாற்பது வருஷப் பழக்கம். தள்ளினால் அப்பாவின் "இயேசுவே" வரும். பெயரோடு மூச்சு விட்டால் அது அவர்கள் சொல்லும் ஆனாபானா, வெறும் மூச்சைக் கவனிப்பது, இல்லை. பெயரை எடுத்துவிட்டால் எனக்கு அது ஜெபம் இல்லை; எதிரில் யாரும் இல்லாமல் பேச வாயெடுத்தது போல இருந்தது. உட்காருவது ஒன்றுதான், முதுகு நேராக வைப்பது ஒன்றுதான், கால் மரத்துப்போவதும் ஒன்றுதான். அதற்கு மேல் வழி பிரிகிறது. புத்தர் சொன்ன வழியில் கூப்பிட ஆள் கிடையாது, வருவதும் போவதும்தான் உண்டு. அத்வைதத்தில் கூப்பிடுகிறவனும் கூப்பிடப்படுகிறவரும் இரண்டில்லை. எங்களுக்கோ கூப்பிடுவதுதான் எல்லாமே. சாந்திவனத்தை ஆரம்பித்த லெ சோ திருவண்ணாமலைக் குகைகளில் போய் உட்கார்ந்தவர். ரமணரை நேரில் பார்த்தவர். அவருடைய நாட்குறிப்பில் பல வருஷம் இந்த இழுபறி ஓடுகிறது. அவருக்கே அப்படி என்றால் செவ்வாப்பேட்டைக் கணக்குப்பிள்ளைக்கு என்ன?

ஆறாம் நாள் உச்சி முதல் பாதம் வரை மெல்லிய அதிர்வு ஒன்று ஓடியது. எறும்பு ஊர்வதற்கும் மின்சாரத்துக்கும் நடுவில் ஏதோ. நான் பரிசுத்த ஆவி வந்துவிட்டதென்றே நினைத்து அழுதேன். ராத்திரி உரையில் கோயங்கா, இன்று சிலருக்கு இனிமையான உணர்வு வந்திருக்கும், அதில் ஒட்டிக்கொள்ளாதே, அதுவும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்.

ஊருக்கு வந்து ஏற்காட்டுச் சாமியாரிடம் சொன்னேன். அவர் ஒரு கடிதம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பின்னால் பாப்பரசரான ராட்சிங்கர் 1989இல் கர்தினாலாக இருந்தபோது ஆயர்களுக்கு எழுதியது, கிறிஸ்தவத் தியானம் பற்றி. பிற மதங்களின் முறைகளில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உடற்பயிற்சியால் தானாக வரும் அமைதியையும் சுகத்தையும் பரிசுத்த ஆவியின் ஆறுதலென்று எடுத்துக்கொள்வது முழுத் தவறு என்கிறது. ரோமில் இருந்த கர்தினாலும் பர்மா வியாபாரியும் ஒன்றாகச் சேர்ந்து என் ஆறாம் நாளைக் காலி செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் இந்த இரண்டும் ஒத்துப்போன இடமென்று நான் கண்டது இது ஒன்றைத்தான், எனக்கு அது ஒரு ஆதாயமும் இல்லாத இடம்.

அதன்பிறகும் இரண்டு வருஷம் கலந்து பார்த்தேன். பாதி நேரம் சொல்லில்லாமல், பாதி நேரம் சொல்லோடு. இரண்டும் கெட்டது. விட்டுவிட்டேன். இப்போது காலையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மூச்சுக்கு ஒரு சொல். முதுகு நேராக நிற்பது மட்டும் திருமுடிவாக்கத்துக் கடன்.

சேலத்திலேயே, பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் இருக்கிறார். எத்தனையோ காலமாக முனியப்பனாகத்தான் கும்பிட்டு வந்தார்கள். அது புத்தர் சிலை என்று வழக்குப் போய், தொல்லியல் துறை பார்த்துவிட்டு, 2022இல் உயர் நீதிமன்றம் புத்தர்தான் என்று சொன்னது. துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது என் கண் போனது கைகளுக்குத்தான். தாமரைப் பீடத்தின் மேல், மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக, தியானத்தில் இருக்கிற கைகள். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் இத்தனை பேர் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டப்பாவுக்கு வருகிறேன். ஏழு பொட்டலம் விபூதியை என்ன செய்வது? குப்பையில் போட முடியாது. பூசிக்கொள்ளவும் முடியாது, அம்மா துடைத்த நெற்றி. அம்மாயி வழிச் சொந்தத்தில் கொடுக்கலாமென்றால் எதற்கென்று கேட்பார்கள். நாலு மாசம் அப்படியே பீரோவில் இருந்தது.

விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறுகளில் கோயில் வாசலில் அட்டைப்பெட்டி வைப்பார்கள், போன வருஷக் குருத்தோலைகளைப் போட. அவற்றை எரித்துத்தான் சாம்பல். எங்கள் வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையை, அம்மா கடைசியாக மடித்துச் செய்த ஓலைச் சிலுவை அது, எடுத்துக்கொண்டேன். பொட்டலங்களைப் பிரித்து எல்லா விபூதியையும் ஒரே உறையில் கொட்டி, ஓலையோடு சேர்த்துச் சுற்றிப் பெட்டியில் போட்டேன். கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஓலை காஞ்சு நல்லா பொடியுதுங்கண்ணா" என்றார். ஆமாம் என்றேன். சாமியாரிடம் சொல்லவில்லை. பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலைப் பூசைக்கு ஆறு மணிக்கே கூட்டம். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன், பள்ளிச் சீருடையில், அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாமியார் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டார். அவன் உடனே அதைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து, "குளுகுளுன்னு இருக்கும்மா" என்றான். அடுத்து நான்.